சட்டத்தை மீறிய தளபதி எபமினோண்டாஸ்

கி.மு. 369. கிரேக்கத்தின் தீப்ஸ் நகரம். நீதிபதிகளின் முன்னால் ஒரு தளபதி குற்றவாளியாக நிற்கிறார்.

ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை அவர். யாராலும் வெல்ல முடியாது என்று கிரேக்கமே நம்பிக்கொண்டிருந்த ஸ்பார்ட்டாவின் படையை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் மண்ணைக் கவ்வ வைத்தவர். அதோடு நிற்காமல், ஸ்பார்ட்டாவின் சொந்த நிலத்துக்குள்ளேயே படை நடத்திப் போய்விட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார். வேறு ஊராக இருந்தால் மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள். தீப்ஸிலோ வழக்குப் போட்டார்கள்!

குற்றச்சாட்டு ரொம்ப எளிமையானது. பதவிக் காலம் முடிந்த பிறகும் அவர் படைத் தலைமையை ஒப்படைக்கவில்லை. ஏறத்தாழ நான்கு மாதங்கள் கூடுதலாகத் தன் கையில் வைத்துக்கொண்டார். தீப்ஸின் சட்டப்படி இதற்கு மரண தண்டனை.

"நான் அப்படிச் செய்யவில்லை" என்று அவர் சொல்லவில்லை. "எனக்குச் சட்டம் தெரியாது" என்றும் சொல்லவில்லை. அவர் சொன்ன பதில் என்ன? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

யார் இந்த எபமினோண்டாஸ்?

கிரேக்க வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும்தான். அப்புறம் ஒரே தாவலாக அலெக்சாண்டருக்குப் போய்விடுவோம். இடையில் ஒரு சில ஆண்டுகள் கிரேக்கத்தின் தலைமை தீப்ஸ் என்ற நகரத்தின் கையில் இருந்தது. ஏதென்ஸுக்கு வடமேற்கே, போயோட்டியா என்ற பகுதியில் இருக்கும் ஊர் அது. அந்தத் தலைமையைத் தீப்ஸுக்கு வாங்கிக் கொடுத்தவர் எபமினோண்டாஸ்.

பழைய குடும்பத்தில் பிறந்தாலும் வசதி கிடையாது. பித்தாகரஸின் வழி வந்த லைசிஸ் என்ற தத்துவ ஆசிரியரிடம் படித்தார். குழல் வாசிக்கக் கற்றார், உடற்பயிற்சி செய்தார், அதிகம் கேட்டார், குறைவாகப் பேசினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மேலங்கிதான், அது சலவைக்குப் போன நாட்களில் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார் என்று ஒரு கதை உண்டு. பாரசீக மன்னரின் தங்கத்தோடு அவரை விலைக்கு வாங்க வந்த தூதர், வந்த வழியே திரும்பிப் போனதாகவும் பழைய நூல்கள் சொல்கின்றன.

இப்படிப்பட்ட ஒரு தத்துவ மாணவர் எப்படிப் போர்க்களத்துக்கு வந்தார்? அதற்குக் காரணம் ஸ்பார்ட்டாதான்.

ஒரு கோட்டையும் ஓர் அபராதமும்

கி.மு. 404இல் ஏதென்ஸைத் தோற்கடித்த பிறகு கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா வைத்ததுதான் சட்டம். கி.மு. 382இல் ஃபீபிடாஸ் என்ற ஸ்பார்ட்டத் தளபதி தீப்ஸ் வழியாக வடக்கே போய்க்கொண்டிருந்தார். இரண்டு ஊர்களுக்கும் நடுவே போர் எதுவும் இல்லை. அன்று தீப்ஸில் பெண்களின் திருவிழா. அதற்காக நகரின் உச்சியிலிருந்த காட்மியா கோட்டையைப் பெண்களுக்கு ஒதுக்கி இருந்தார்கள். ஊருக்குள் இருந்த ஒரு கட்சித் தலைவர் துணை நிற்க, ஃபீபிடாஸ் அந்த நேரம் பார்த்துக் கோட்டைக்குள் புகுந்து பிடித்துக்கொண்டார்!

கிரேக்கம் முழுவதும் அதிர்ந்தது. சமாதான காலத்தில் இப்படிச் செய்வது நம்பிக்கைத் துரோகம். அப்படிச் செய்யச் சொல்லி ஸ்பார்ட்டா அவருக்கு உத்தரவும் கொடுத்திருக்கவில்லை.

விசாரணை வந்தபோது ஸ்பார்ட்டாவின் மன்னர் அகெசிலாஸ் ஒரு வாதத்தை முன்வைத்தார். உத்தரவு இருந்ததா இல்லையா என்பது பேச்சில்லை, அந்தக் காரியத்தால் ஸ்பார்ட்டாவுக்கு லாபமா நஷ்டமா என்று மட்டும் பாருங்கள் என்றார்.

தீர்ப்பு என்ன தெரியுமா? ஃபீபிடாஸுக்கு ஒரு லட்சம் டிராக்மா அபராதம். ஆனால் கோட்டையைத் திருப்பித் தரவில்லை! ஸ்பார்ட்டப் படை அங்கேயே தங்கிவிட்டது. திருடியவனுக்கு அபராதம், திருட்டுப் பொருள் நமக்கே என்ற கணக்கு.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கொல்ல மறுத்தவர்

பெலோப்பிடாஸ் உட்பட தீப்ஸின் தலைவர்கள் பலர் ஏதென்ஸுக்குத் தப்பி ஓடினார்கள். எபமினோண்டாஸை மட்டும் யாரும் தொடவில்லை. ஏழை, அதிலும் தத்துவம் படிக்கிறவர், இவரால் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்கள். அவரோ ஊரிலேயே இருந்துகொண்டு இளைஞர்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்பார்ட்ட வீரர்களோடு மல்யுத்தம் செய்யச் சொல்வாராம். ஜெயித்து வந்து பெருமைப்பட்டால், களத்தில் வெல்லக்கூடியவர்களுக்கு அடிமையாக இருக்கிறோமே என்று வெட்கப்படுங்கள் என்பாராம்.

கி.மு. 379ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெலோப்பிடாஸும் சில தோழர்களும் மாறுவேடத்தில் ஊருக்குள் நுழைந்தார்கள். ஸ்பார்ட்டாவின் கைப்பாவைகளாக இருந்த ஆட்சியாளர்களை ஒரு விருந்தில் வைத்துக் கொன்றார்கள். பெண் வேடம் போட்டு உள்ளே போனார்கள். ஆட்சியாளர்களில் ஒருவரான ஆர்க்கியாஸுக்கு அன்று மாலையே எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. முக்கியமான விஷயமாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அவருக்கு நாளை என்று ஒன்று வரவே இல்லை.

இந்தச் சதி எபமினோண்டாஸுக்கு முன்பே தெரியும். அழைத்தும் அவர் சேரவில்லை. விசாரணை இல்லாமல் சொந்த ஊர்க்காரர்களைக் கொல்வதில் தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் காரியம் நடந்து முடிந்து, ஸ்பார்ட்டப் படையை எதிர்க்க வேண்டிய நேரம் வந்ததும் ஆயுதத்தோடு தெருவுக்கு வந்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர்.

கோட்டையிலிருந்த ஸ்பார்ட்டப் படை சரணடைந்து வெளியேறியது. அந்தக் கோட்டையை விட்டுக்கொடுத்த தளபதிகளில் இருவருக்கு ஸ்பார்ட்டா மரண தண்டனை கொடுத்தது என்கிறார் வரலாற்றாசிரியர் புளூடார்க். திருடியதற்கு அபராதம், திருடியதைத் திருப்பிக் கொடுத்ததற்கு மரணம்!

சபையில் கேட்ட ஒரு கேள்வி

அடுத்த சில ஆண்டுகள் போரிலேயே கழிந்தன. கி.மு. 371இல் கிரேக்க நகரங்கள் எல்லாம் சமாதானம் பேச ஸ்பார்ட்டாவில் கூடின. தீப்ஸின் பிரதிநிதியாகப் போனவர் எபமினோண்டாஸ்.

எல்லா நகரங்களும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் முக்கியமான நிபந்தனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பார்ட்டாவுக்கோ அது தீப்ஸின் கூட்டணியை உடைக்கக் கிடைத்த ஆயுதம். போயோட்டியாவின் நகரங்களைச் சுதந்திரமாக விடுவாயா என்று சபை நடுவே கேட்டார் மன்னர் அகெசிலாஸ்.

அந்தச் சபையில் அகெசிலாஸை எதிர்த்துப் பேச மற்றவர்கள் தயங்கினார்கள். எபமினோண்டாஸ் தயங்கவில்லை. பதில் சொல்லாமல் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். லக்கோனியாவின் ஊர்களை ஸ்பார்ட்டா சுதந்திரமாக விடுமா?

லக்கோனியா என்பது ஸ்பார்ட்டாவின் சொந்த மாநிலம். அகெசிலாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒப்பந்தத்திலிருந்து தீப்ஸின் பெயரை அந்த இடத்திலேயே அடித்தார். கிரேக்கத்தில் மற்ற எல்லோருக்கும் சமாதானம், தீப்ஸுக்கு மட்டும் போர்.

இங்கே எபமினோண்டாஸை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. போயோட்டியாவின் சிறிய ஊர்கள் எல்லாம் தீப்ஸை விரும்பி ஏற்றுக்கொள்ளவில்லை. பிளாட்டியா நகரத்தைத் தீப்ஸ் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அழித்திருந்தது. அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீப்ஸும் அந்த நியாயத்தின் படி நடந்துகொண்டிருக்கவில்லை.

லியூக்ட்ரா

அந்தச் சபை கலைந்து 20 நாட்களில் ஸ்பார்ட்டாவின் இன்னொரு மன்னரான கிளியோம்ப்ரோட்டஸ் போயோட்டியாவுக்குள் வந்துவிட்டார். (ஸ்பார்ட்டாவில் எப்போதும் இரண்டு மன்னர்கள் உண்டு.) அவரிடம் சுமார் 10,000 காலாட்படை, 1,000 குதிரைப்படை. தீப்ஸிடம் இருந்ததோ ஏறக்குறைய 6,000 பேர்தான். லியூக்ட்ரா என்ற ஊருக்கு அருகே இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன.

போரிடுவதா வேண்டாமா? போயோட்டியாவின் தளபதிகள் 7 பேர். ஆளுக்கொரு வாக்கு. மூவர் வேண்டும் என்றார்கள், மூவர் வேண்டாம் என்றார்கள். ஏழாவது தளபதி வந்து எபமினோண்டாஸின் பக்கம் சாய்ந்தார். சகுனம் சரியில்லை என்று படையில் முணுமுணுப்பு வேறு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தக் காலக் கிரேக்கப் போர் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி, இடது கையில் கேடயமும் வலது கையில் ஈட்டியுமாக நிற்பார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக 8 முதல் 12 வரிசைகள். படையின் மிகச் சிறந்த வீரர்களுக்கு இடம் எப்போதும் வலப்பக்கம். அதுதான் மரியாதைக்குரிய இடம். எதிரிக்கும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு படையின் பலமும் மற்ற படையின் பலவீனமான இடப்பக்கத்தோடு மோதும். இரண்டு பக்கமும் வலது ஜெயிக்கும், இடது தோற்கும், அப்புறம் யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

எபமினோண்டாஸ் இந்த மரபைத் தலைகீழாகப் புரட்டினார். தன் சிறந்த வீரர்களை இடப்பக்கத்தில் நிறுத்தினார். 12 வரிசை இல்லை, 50 வரிசை! நேர் எதிரே நின்றவர்கள் ஸ்பார்ட்ட மன்னரும் அவருடைய சொந்த வீரர்களும். பெலோப்பிடாஸின் தலைமையில் இருந்த 300 பேர் கொண்ட புனிதப் படையும் அந்தப் பக்கம்தான். சரி, மற்ற பக்கம்? அங்கே ஆள் குறைவு. அவர்களை முன்னே போகாமல் பின்தங்கியே வரச் சொல்லிவிட்டார். அதாவது அந்தப் பக்கம் சண்டை தொடங்கும் முன்பே இந்தப் பக்கம் முடிந்துவிட வேண்டும்.

கையில் இருக்கும் முதல் கொஞ்சம்தான் என்றால் அதை எல்லா இடத்திலும் பரப்பிப் போட்டால் எங்கேயும் போதாது. முடிவைத் தீர்மானிக்கும் ஒரே இடத்தில் கொட்ட வேண்டும். ஒருமுறை அவர் தன் வீரர்களுக்கு ஒரு பெரிய பாம்பைக் காட்டி அதன் தலையை மட்டும் நசுக்கினாராம். தலை போனால் உடல் எதற்கும் ஆகாது என்பதுதான் பாடம். ஸ்பார்ட்டாதான் தலை, கூட வந்தவர்கள் வெறும் உடல்.

நடந்ததும் அதுதான். முதலில் தீப்ஸின் குதிரைப்படை எதிரியின் குதிரைப்படையை விரட்ட, அது ஓடி வந்து தன் காலாட்படை மேலேயே விழுந்தது. அந்தக் குழப்பத்தில் 50 வரிசை மொத்தமாக மோதியது. மன்னர் கிளியோம்ப்ரோட்டஸ் வீழ்ந்தார். களத்தில் இருந்த ஸ்பார்ட்டக் குடிமக்கள் 700 பேரில் 400 பேர் இறந்தார்கள். மற்றப் பக்கம் நின்ற கூட்டணிப் படைகள் பெரிதாகச் சண்டை போடாமலேயே பின்வாங்கின.

இறந்தவர்களின் உடலை எடுத்துக்கொள்ள ஸ்பார்ட்டா அனுமதி கேட்டது. கேட்டாலே தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். முதலில் கூட்டணி ஊர்க்காரர்கள் தங்கள் உடல்களை எடுக்கட்டும், கடைசியில் ஸ்பார்ட்டா எடுக்கட்டும் என்றார் எபமினோண்டாஸ். காரணம்? எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போனால் தங்கள் இழப்பை மறைத்துவிடுவார்கள். கூட்டணி ஊர்க்காரர்கள் எடுத்துப் போன பிறகு களத்தில் கிடந்தவர்கள் யார் என்பதைக் கிரேக்கமே பார்த்தது.

வெற்றிக்கு மறுநாள் அவர் குளிக்காமல், முகம் வாடி வெளியே வந்தாராம். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், நேற்று அளவுக்கு மீறிப் பெருமைப்பட்டுவிட்டேன், இன்று அதற்குத் தண்டனை என்றாராம்.

தேதி முடிந்தது, வேலை முடியவில்லை

கி.மு. 370ஆம் ஆண்டின் கடைசியில் தெற்கே இருந்த ஆர்க்கேடியா போன்ற நாடுகள் தீப்ஸை உதவிக்கு அழைத்தன. எபமினோண்டாஸும் பெலோப்பிடாஸும் படையோடு போனார்கள். வழியெல்லாம் ஊர்கள் வந்து சேர்ந்துகொண்டன. ஆயுதம் ஏந்தியவர்கள், ஏந்தாதவர்கள் எல்லாமாக 70,000 பேர் என்கிறார் புளூடார்க். அதில் தீப்ஸின் ஆட்கள் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

சிக்கல் இங்கேதான் வந்தது. போயோட்டியத் தளபதிகளின் பதவி ஓராண்டுக்குத்தான். நடுக்குளிர்காலத்தில் முடிந்துவிடும். முடிந்த அன்றே புதியவர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். மற்றத் தளபதிகள் ஊர் திரும்பலாம் என்றார்கள். அவர்கள் கோழைகள் இல்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. அந்தச் சட்டமும் கெட்ட சட்டம் இல்லை. படையைக் கையில் வைத்திருப்பவன் பதவியை விடாமல் உட்கார்ந்துகொண்டால் ஒரு குடியரசின் கதி என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் படை இப்போது கலைந்தால் திரும்பச் சேராது. ஸ்பார்ட்டா இவ்வளவு பலவீனமாக இன்னொரு முறை கிடைக்காது. எபமினோண்டாஸ் முடிவு செய்தார். மற்றவர்களையும் சம்மதிக்க வைத்தார். படை ஸ்பார்ட்டாவின் நிலத்துக்குள் இறங்கியது.

டோரியர்கள் அங்கே குடியேறிய காலத்திலிருந்து 600 ஆண்டுகளாக எந்த எதிரியும் மிதிக்காத மண் அது. ஸ்பார்ட்டாவுக்கு மதில் சுவர்கூடக் கிடையாது. எங்கள் வீரர்களே எங்கள் மதில் என்று பெருமை பேசிய ஊர். அந்த ஊர்ப் பெண்கள் முதல்முறையாக எதிரி மூட்டிய நெருப்பின் புகையைப் பார்த்தார்கள். கிழவரான அகெசிலாஸ் மேடான இடங்களில் இருந்த ஆட்களை நிறுத்தி ஊரைக் காத்தார். பனி உருகி யூரோட்டாஸ் ஆறு பெருக்கெடுத்து ஓடியது.

எபமினோண்டாஸ் ஊருக்குள் புகுந்து தெருத் தெருவாகச் சண்டை போட்டுத் தன் ஆட்களைப் பலி கொடுக்கவில்லை. நிலத்தை எரித்துக்கொண்டு தெற்கே கடற்கரை வரை போனார். பிறகு மேற்கே திரும்பினார், மெசீனியாவை நோக்கி. அவருடைய அறிவு லியூக்ட்ராவைவிடப் பளிச்சென்று தெரிவது இங்கேதான்.

ஸ்பார்ட்டாவின் வேர்

ஸ்பார்ட்டக் குடிமகன் உழ மாட்டான், வியாபாரம் செய்ய மாட்டான், கைத்தொழில் பார்க்க மாட்டான். போர்ப் பயிற்சி ஒன்றுதான் வேலை. அப்படியானால் அவனுக்குச் சோறு போட்டது யார்? ஹெலட்டுகள் என்ற பண்ணை அடிமைகள். அவர்களில் பெரும்பகுதியினர் மெசீனியர்கள்.

பல தலைமுறைகளுக்கு முன்னால் ஸ்பார்ட்டா பக்கத்து நாடான மெசீனியாவை வென்று அந்த மக்கள் முழுவதையும் அடிமைகளாக்கியது. விளைச்சலில் பாதியை எஜமானுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுதோறும் ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் தங்கள் அடிமைகள் மீதே முறைப்படி போர் அறிவிப்பார்கள். அப்படி அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொன்றாலும் பாவம் இல்லை! கி.மு. 479இல் பாரசீகர்களை எதிர்த்துப் பிளாட்டியாவில் போரிட்டபோது ஒவ்வொரு ஸ்பார்ட்ட வீரனுக்கும் 7 ஹெலட்டுகள் வீதம் கூடப் போனார்கள் என்று எழுதியிருக்கிறார் ஹெரோடோட்டஸ்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பார்ட்டக் குடிமகன் ஒவ்வொருவனும் பொது உணவுக் கூடத்துக்குத் தன் நிலத்திலிருந்து பங்கு தர வேண்டும். தர முடியாவிட்டால் குடியுரிமையே போய்விடும். அதாவது மெசீனியாவின் நிலம் போனால் வருமானம் போகும், வருமானம் போனால் குடிமகன் போவான், குடிமகன் போனால் படையே போய்விடும்.

எபமினோண்டாஸ் இந்த வரவு செலவுக் கணக்கைச் சரியாகப் படித்திருந்தார். போரில் தோற்ற ஸ்பார்ட்டா பத்து வருடத்தில் எழுந்து நிற்கும். மெசீனியாவை இழந்த ஸ்பார்ட்டா எழவே முடியாது.

மெசீனியர்களை அவர் விடுதலை செய்தார். வெறும் அறிவிப்போடு நிறுத்தியிருந்தால் அவர் கிளம்பிய மறுநாளே ஸ்பார்ட்டா வந்திருக்கும். ஆகவே இத்தோம் மலை அடிவாரத்தில் அவர்களுக்கென்று மெசீன் என்ற புதிய நகரத்தைக் கட்டத் தொடங்கினார். பல தலைமுறைகளுக்கு முன் இத்தாலி, சிசிலி, லிபியா என்று சிதறிப் போனவர்களின் வாரிசுகளுக்கும் ஆள் அனுப்பினார். வந்தார்கள்! முதல் நாள் வழிபாடு. மறுநாளிலிருந்து கட்டட வேலை. போயோட்டிய, ஆர்கோஸ் கலைஞர்கள் குழல் வாசிக்க, அந்த இசையோடு மதில் எழுந்தது என்கிறார் பயண நூல் எழுதிய பாசனியாஸ்.

சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் மதில். அதன் கணிசமான பகுதி இன்றும் கிரேக்கத்தில் மாவ்ரோமாட்டி கிராமத்தின் அருகே நிற்கிறது.

நீதிமன்றத்தில் சொன்ன பதில்

ஊர் திரும்பியதும் வழக்கு. கூட இருந்த தளபதிகள்மீதும் அதே குற்றச்சாட்டு. பழியை என்மேல் போட்டுவிடுங்கள், நான்தான் வற்புறுத்தினேன் என்று சொல்லிவிடுங்கள் என்றார் எபமினோண்டாஸ். அவர்கள் அப்படியே சொல்லித் தப்பித்தார்கள்.

அவர் முறை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டம் சொல்லும் தண்டனையை ஏற்கத் தயார் என்றார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். என்ன குற்றத்துக்காகக் கொல்லப்பட்டேன் என்பதைக் கல்லில் பொறித்து வையுங்கள். தீப்ஸ் மக்கள் பயந்து நின்றபோது அவர்களை லியூக்ட்ராவில் வற்புறுத்தி வெல்ல வைத்த குற்றம், ஸ்பார்ட்டாவின் நிலத்துக்குள் அவர்களைக் கொண்டுபோன குற்றம், மெசீனியர்களுக்கு ஒரு நாட்டைத் திருப்பிக் கொடுத்த குற்றம். இவை எல்லாம் அந்தக் கல்லில் இருக்க வேண்டும் என்றார்.

நீதிபதிகள் சிரித்துவிட்டார்கள். வாக்கெடுப்பே நடத்தாமல் கலைந்து போனார்கள் என்பது கதை. பழைய ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இதைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்.

இப்போது அந்த ஃபீபிடாஸ் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அவரும் உத்தரவை மீறியவர், இவரும் சட்டத்தை மீறியவர். இரண்டு பேராலும் அவரவர் ஊருக்கு லாபம். அகெசிலாஸின் வாதப்படி பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். லாபம்தானே, விடு!

உண்மையில் இரண்டும் ஒன்றா? ஃபீபிடாஸ் திருவிழா நாளில் ஒளிந்து நுழைந்து ஓர் ஊரின் சுதந்திரத்தைப் பறித்தார். எபமினோண்டாஸ் வெளிப்படையாக மீறி, ஒரு மக்கள் கூட்டத்துக்கு அவர்களின் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. படை கையில் இருந்த வரைக்கும் அவரை யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்தப் படையோடு ஊருக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்த தளபதிகள் வரலாற்றில் எத்தனையோ பேர். அவரோ வேலை முடிந்ததும் ஆயுதத்தை வைத்துவிட்டு, தன்னைக் கொல்லும் அதிகாரம் உள்ள நீதிமன்றத்தின் முன் வந்து நின்றார். சட்டத்தை மீறினார், ஆனால் சட்டம் தனக்கு மேலே இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

தெருக்கூட்டும் பதவியும் சாதாரணச் சிப்பாயும்

விடுதலை ஆனாலும் எதிரிகள் சும்மா இருக்கவில்லை. தெருக்களில் குப்பையும் சாக்கடையும் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அதிகாரியாக அவரை நியமித்து அவமானப்படுத்தப் பார்த்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அவர் மறுக்கவில்லை. பதவி மனிதனுக்குப் பெருமை சேர்ப்பது போல மனிதனும் பதவிக்குப் பெருமை சேர்க்க முடியும் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கே மரியாதை வந்துவிட்டதாம்!

கி.மு. 368இல் பெலோப்பிடாஸ் வடக்கே தெசாலியில் ஒரு கொடுங்கோலனிடம் சிக்கிக்கொண்டார். மீட்கப் போன படையில் எபமினோண்டாஸ் தளபதியாக இல்லை. ஈட்டி பிடித்த சாதாரணச் சிப்பாய். புதிய தளபதிகள் சொதப்பி, பின்வாங்கும் வழியில் எதிரியின் குதிரைப்படை துரத்தித் துரத்தி அடித்தது. வீரர்களே அவரைப் பிடித்து இழுத்துத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவர் பின்பக்கத்தைக் காத்துப் படையை உயிரோடு ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த ஆண்டு தளபதியாகப் போய் நண்பரை மீட்டும் வந்தார்.

மாண்டினியா

கி.மு. 362. மாண்டினியாவில் கடைசிப் போர். ஸ்பார்ட்டாவோடு இப்போது ஏதென்ஸும் எதிரே. எபமினோண்டாஸ் படையை மலையோரமாக நடத்திப் போய் ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார். கூடாரம் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எதிரி தளர்ந்தான். சட்டென்று தாக்கினார். மறுபடியும் அந்தப் பெருத்த இடப்பக்கம். எதிரியின் அணி உடைந்தது. அதே நேரத்தில் அவர் மார்பில் ஓர் ஈட்டி பாய்ந்தது.

தூக்கி வந்தார்கள். ஈட்டியை எடுத்தால் உயிர் போய்விடும் என்றார்கள் மருத்துவர்கள். தன் கேடயம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. யார் ஜெயித்தது என்று கேட்டார். தீப்ஸ். தனக்கு அடுத்த இரண்டு தளபதிகளை அழைக்கச் சொன்னார். இருவருமே இறந்துவிட்டார்கள். அப்படியானால் சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்றாராம். உனக்குப் பிள்ளைகள்கூட இல்லையே என்று நண்பர் ஒருவர் அழுதபோது, லியூக்ட்ரா, மாண்டினியா என்று இரண்டு மகள்களை விட்டுப் போகிறேன் என்றாராம். ஈட்டியை எடுக்கச் சொன்னார்.

மிச்சம் இருந்தது எது?

அவரோடு தீப்ஸின் தலைமையும் முடிந்தது. தீப்ஸில் பிணைக் கைதியாக இருந்த ஒரு மாசிடோனிய இளவரசர் அந்த ஊரின் போர் முறையைக் கவனித்திருந்தார். அவர் பெயர் ஃபிலிப். கி.மு. 338இல் தீப்ஸைத் தோற்கடித்தவர் அவர்தான். கி.மு. 335இல் அவர் மகன் அலெக்சாண்டர் அந்த நகரத்தையே தரைமட்டமாக்கினார். 6,000 பேர் கொல்லப்பட்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

எபமினோண்டாஸின் பெயரும் கொஞ்சம் மங்கித்தான் போனது. அக்காலத்து வரலாற்றை எழுதிய செனஃபோன் அகெசிலாஸின் நண்பர். லியூக்ட்ரா போரை விரிவாக எழுதியவர் அதில் எபமினோண்டாஸின் பெயரையே சொல்லவில்லை. மெசீன் நகரம் பிறந்ததையும் எழுதவில்லை! புளூடார்க் எழுதிய எபமினோண்டாஸின் வாழ்க்கை வரலாறு தொலைந்து போய்விட்டது. ஆனாலும் முந்நூறு ஆண்டுகள் கழித்து ரோமின் சிசெரோ, கிரேக்கர்களில் முதல் மனிதர் என்று இவரைத்தான் சொன்னார்.

போர்களில் வென்ற லாபம் எல்லாம் ஒரு தலைமுறையில் கரைந்துவிட்டது. கரையாமல் நின்றது, மரண தண்டனைக்குரிய அந்த நான்கு மாதங்களில் செய்த வேலைதான். ஸ்பார்ட்டா மெசீனியாவை மறுபடி பிடிக்கவே முடியவில்லை.

கி.மு. 316இல், அழிந்து கிடந்த தீப்ஸைக் கசாண்டர் என்ற மாசிடோனிய ஆட்சியாளர் மறுபடி கட்ட ஆரம்பித்தார். சில ஊர்கள் உதவிக்கு வந்தன. வந்தவர்களில் மெசீனியர்களும் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தங்களுக்கு ஓர் ஊர் கட்டிக் கொடுத்தவரின் ஊர் அது என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

நீதிமன்றத்தில் அவர் கேட்ட கல்வெட்டைத் தீப்ஸ் வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மெசீனியர்கள் அதை மறக்கவும் இல்லை.